‘சப்ஸ்டான்ஷியலி’ மேல பழி போடாதீங்க: கிளெய்ம் எழுதற நம்மாளுங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேட்டன்ட் ஏஜென்ட் மக்களுக்கு, அதுலயும் எக்ஸாம் பாஸ் பண்ணி ரெண்டு மூணு வருஷமாகி இப்போதான் தனியா டிராஃப்ட் எழுத ஆரம்பிச்சிருக்கற தம்பி தங்கச்சிங்களுக்கு,

வணக்கம். கிளெய்ம்னா கண்டுபிடிப்புல எதுவரைக்கும் நமக்குச் சொந்தம்னு பேட்டன்ட்ல எல்லை போடற வாசகம். அதை எழுதற நாம நாலு பேர் டீ குடிக்கக் கூடினாலே ஒரே பாட்டுதான். “எஃப்.இ.ஆர் (பேட்டன்ட் ஆபீசோட முதல் பரிசோதனை அறிக்கை) வந்துச்சு, டெஃபினிடிவ்னெஸ் (தெளிவு) தலைப்புக்குக் கீழ அதே பழைய வரி, ‘அபௌட்’ (சுமார்) தெளிவா இல்ல, ‘சப்ஸ்டான்ஷியலி’ (ஏறக்குறைய) தெளிவா இல்ல, ‘ரிலேட்டிவ்லி’ (ஒப்பிட்டுப் பாத்தா) தெளிவா இல்ல, படிச்சே பாக்காம கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடி அடிச்சிருக்காங்க.” நானும் இந்தப் பாட்டைப் பல வருஷம் பாடினவன்தான், நல்லாவே பாடுவேன். இப்போ பாடறதில்ல. ஏன்னு சொல்லணும்னா என் மானம் கொஞ்சம் போகும், பரவால்ல.

கோயம்புத்தூர்ல ஒரு கிரைண்டர் பட்டறை. ஓனருக்கு அறுபது வயசு தாண்டிடுச்சு, ஐ.டி.ஐ படிச்சவர். டில்டிங் கிரைண்டர்ல ட்ரம் சுவத்துல ஒட்டற மாவை வழிச்சு மறுபடி கல்லுக்கு அடியில தள்ளுமே ஸ்கிராப்பர், அதை அவர் வேற மாதிரி பண்ணியிருந்தார். சுவத்தை விட்டு ரொம்பத் தள்ளி இருந்தா மாவு படலமா ஒட்டிக்கிட்டு அரைபடாமலே நிக்கும், ரொம்ப ஒட்டி இருந்தா பிளேடு உரசித் தேஞ்சு அந்தத் தூள் மாவுல கலக்கும், அதனால ஒரு சின்ன ஸ்பிரிங் வச்சு ட்ரம் எப்படி ஆடினாலும் அந்த இடைவெளி மாறாம நிக்கற மாதிரி செட் பண்ணியிருந்தார். நான் அப்போ தொழிலுக்குப் புதுசு. கிளெய்ம்ல என்ன எழுதினேன்னா, ஸ்கிராப்பரோட முனை ட்ரம்மோட உள்சுவத்துக்கு ‘சப்ஸ்டான்ஷியலி க்ளோஸ்’. எழுதி முடிச்சப்போ பெருமை வேற, எவனும் தப்பிக்க முடியாத மாதிரி அகலமா வலை விரிச்சுட்டோம்னு.

எஃப்.இ.ஆர் வந்துச்சு. எவ்வளவு க்ளோஸ்னு கேட்டிருந்தாங்க. பட்டறைக்குப் போய் “ஐயா, இந்த கேப் எவ்வளவு இருக்கும்”னு கேட்டேன். அவர் வாயைத் திறக்கல, டிராயரைத் திறந்தார். பில்லர் கேஜை எடுத்தார், விசிறி மாதிரி தகடு தகடா விரியுமே அது. ஒரு தகட்டை ஸ்கிராப்பருக்கும் ட்ரம்முக்கும் நடுவுல விட்டார், வழுக்கிக்கிட்டுப் போச்சு. இன்னொண்ணை விட்டார், நின்னுடுச்சு. “பாயிண்ட் நாலு போகோணும், பாயிண்ட் ஆறு போகக்கூடாதுங் தம்பி. ஒவ்வொரு மெஷினையும் இப்படிப் பாத்துட்டுத்தானுங்க வெளிய அனுப்பறது.” அப்புறம் கேஜைத் துடைச்சு உள்ள வச்சுக்கிட்டே சொன்னார், “அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே.”

நான் அன்னைக்குக் கேக்கல. கேஸ் அங்கயே முடிஞ்சுது. பதில்ல 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர்னு திருத்திப் பாத்தேன், ஹியரிங்ல பேட்டன்ட் சட்டத்தோட பிரிவு 59ஐக் காட்டினாங்க. திருத்தம்னா அது முதல்ல குடுத்த ஸ்பெசிஃபிகேஷன்ல (கண்டுபிடிப்பை விவரிக்கற ஆவணம், சுருக்கமா ஸ்பெக்) நிஜமாவே இருந்த விஷயத்துக்குள்ளதான் நிக்கணும், புதுசா ஒண்ணைக் கொண்டு வந்து சொருக முடியாது. என் ஸ்பெக்ல அந்த நம்பர் எங்கயும் இல்ல, பில்லர் கேஜ் இல்ல, படலம் ஒட்டறதைப் பத்தியும் பிளேடு தேயறதைப் பத்தியும் ஒரு வரி இல்ல. அவங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. கடைசியில ஸ்கிராப்பரை விட்டுட்டு ட்ரம்மைச் சாய்க்கற லாக்கோட வடிவத்துக்கு மட்டும் பேட்டன்ட் வாங்கினோம், அந்த லாக்கை வேற மாதிரி பண்றதுக்கு எவனுக்கும் ஒரு மதியம் போதும். பட்டறைச் சுவத்துல சர்ட்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார், நான் போனப்போ அதைக் காட்டி டீ வாங்கிக் குடுத்தார், எனக்கு அந்த டீ இறங்கல.

இதுல அந்த ‘சப்ஸ்டான்ஷியலி’ என்ன பாவம் பண்ணுச்சு? வார்த்தையை எழுதினதோட நான் எழுந்து போயிட்டேன், அதை எதால அளக்கறதுன்னு எழுதி வைக்கல, அவ்வளவுதான்.

நம்ம வீட்டு அடுப்படியிலயே பாருங்க. ‘உப்பு தேவையான அளவு’ன்னு எழுதியிருந்தா அது யார் நாக்குக்குத் தேவையான அளவு? மாமியாருக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு. ஆனா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சறப்போ ‘உருட்டுப் பதம்’னு சொன்னா? அதுலயும் நம்பர் கிடையாது, தெர்மாமீட்டர் கிடையாது. ஆனா ஒரு கிண்ணம் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டு விரலால உருட்டிப் பாக்கணும், உருண்டா பதம், கரைஞ்சா இன்னும் கொதிக்கணும். தஞ்சாவூர்ல உருட்டினாலும் திருநெல்வேலியில உருட்டினாலும் அதே பதில்தான் வரும். ரெண்டுமே அளவு சொல்ற வார்த்தைங்கதான், ஒண்ணு ருசியை நம்பி நிக்குது, இன்னொண்ணு கிண்ணத்துத் தண்ணியை நம்பி நிக்குது. கோர்ட்டுங்க நூறு வருஷமா பிரிச்சுக்கிட்டு இருக்கறதும் இந்த ரெண்டையும்தான்.

நம்ம சட்டத்துல இது ரொம்பச் சுருக்கம். 1970ஆம் வருஷச் சட்டத்துல பிரிவு 10(5), கிளெய்ம் தெளிவா சுருக்கமா இருக்கணும், ஸ்பெக்ல வெளிப்படுத்தினதை நியாயமான அடிப்படையா வச்சிருக்கணும். அப்படி இல்லன்னா பிரிவு 64(1)(ஐ)யில பேட்டன்ட்டையே ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். இவ்வளவுதான் எழுதியிருக்கு, எவ்வளவு தெளிவு போதும்னு சட்டம் சொல்லல. அமெரிக்காவுல இதே விஷயத்துக்கு அடிச்சுக்கிட்ட கேஸுங்க நிறைய, அதனால பாடம் அங்கருந்துதான் எடுக்க வேண்டியிருக்கு, அந்தத் தீர்ப்பு எதுவும் நம்ம ஆபீசைக் கட்டுப்படுத்தாதுன்னு எனக்கும் தெரியும்.

2014ல நாட்டிலஸ் எதிர் பயோசிக். ஜிம் மெஷின்ல கையால பிடிக்கற கம்பியில இதயத் துடிப்பைக் காட்டுமே, அந்தச் சமாச்சாரம். ஒவ்வொரு கைக்கும் ரெண்டு ரெண்டு எலக்ட்ரோடு, அதுங்க ஒண்ணுக்கொண்ணு ‘இடைவெளி விட்ட உறவுல’ இருக்கணும்னு கிளெய்ம். எவ்வளவு இடைவெளி? சொல்லல. அதுவரைக்கும் அங்க பேட்டன்ட் அப்பீலை விசாரிக்கற ஃபெடரல் சர்க்யூட் கோர்ட் வச்சிருந்த அளவுகோல் என்னன்னா, எப்படிப் புரட்டினாலும் தீர்க்கவே முடியாத குழப்பமா இருந்தாத்தான் கிளெய்ம் செல்லாது. அதாவது வக்கீல் மூளையைக் கசக்கி ஏதோ ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுட்டா பாஸ். சுப்ரீம் கோர்ட்ல ஜஸ்டிஸ் கின்ஸ்பர்க் எழுதின ஒருமனதான தீர்ப்பு அதைத் தூக்கிப் போட்டுட்டு, அந்தத் தொழில் தெரிஞ்ச ஆள் ஸ்பெக்கையும் ஃபைலையும் (பேட்டன்ட் ஆபீசோட நடந்த கடிதப் போக்குவரத்து) படிச்சா கிளெய்மோட எல்லை ‘நியாயமான நிச்சயத்தோட’ தெரியணும்னு சொல்லுச்சு. இதுல வேடிக்கை, கேஸ் திரும்பிக் கீழ போச்சு, 2015ல புது அளவுகோல்லயும் பயோசிக் பேட்டன்ட் தப்பிச்சுடுச்சு. எப்படின்னா அந்த மெஷின் வேலை செய்யற விதம் ஸ்பெக்ல இருந்துச்சு. ரெண்டு எலக்ட்ரோடையும் ஒரே கை பிடிக்கணும், அதனால இடைவெளி உள்ளங்கை அகலத்தைத் தாண்ட முடியாது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே எலக்ட்ரோடு ஆயிடவும் கூடாது. நடுவுல, கைத் தசையிலருந்து வர்ற கரண்ட் சிக்னல் ரெண்டு பக்கமும் கழிஞ்சு போய் இதயத்தோடது மட்டும் மிஞ்சற இடம் எதுவோ அதுதான் இடைவெளி. நம்பர் இல்ல, ஆனா கிண்ணத்துத் தண்ணி இருக்கு பாருங்க.

அதே 2014ல இன்டர்வெல் லைசென்சிங் எதிர் ஏ.ஓ.எல். மைக்ரோசாஃப்ட்டை பில் கேட்ஸோட சேந்து தொடங்கின பால் ஆலனோட கம்பெனி. கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஓரமா ஏதாவது காட்டறது, ‘யூசரோட கவனத்தைக் கலைக்காத, உறுத்தாத முறையில’ காட்டணும்னு கிளெய்ம். யாருக்கு உறுத்தாம? எனக்கு மூலையில ஒரு புள்ளி மின்னினாலே எரிச்சல் வரும், என் பொண்ணு மூணு வீடியோ ஓட விட்டுக்கிட்டே பரீட்சைக்குப் படிக்கறா. ஒருத்தர் அபிப்பிராயத்தை நம்பி நிக்கற வார்த்தைன்னு சொல்லி அதைக் கவுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடியே 2005ல டேட்டாமைஸ் கேஸ்ல ‘பாக்க அழகா இருக்கற’ ஸ்கிரீன்னு எழுதினது இதே மாதிரிதான் போச்சு. ஆனா 2017ல சோனிக்ஸ் கேஸ்ல ‘கண்ணுக்கு அவ்வளவா தெரியாத’ன்னு எழுதினது பிழைச்சுடுச்சு, புத்தகப் பக்கத்துல அச்சடிக்கற குட்டிப் புள்ளிகளாலான குறியீடு சம்பந்தமான பேட்டன்ட் அது. கண்ணு தெரியுதா இல்லையாங்கறது ருசி இல்ல, சராசரி மனுஷக் கண்ணை வச்சுப் பாத்துச் சொல்லிடலாம், ஸ்பெக்லயும் எந்த மாதிரி புள்ளின்னு உதாரணம் குடுத்திருந்தாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தண்ணி பலூன் கேஸ். டின்னஸ் எதிர் டெலிபிராண்ட்ஸ். ஒரு கொத்து பலூனை ஒரே நேரத்துல குழாயில மாட்டி நிரப்பி, ‘சப்ஸ்டான்ஷியலி ஃபில்டு’ ஆனதும் குலுக்கினா எல்லாம் கழண்டு விழும், வாய் தானே மூடிக்கும். அமெரிக்க பேட்டன்ட் ஆபீசோட போர்டு 2016 கடைசியில என்ன சொல்லுச்சுன்னா, எவ்வளவு நிரம்பினா ‘சப்ஸ்டான்ஷியலி’ன்னு தெரியல, கிளெய்ம் செல்லாது. அடுத்த மாசமே, 2017 ஜனவரியில, அதே பேட்டன்ட் சம்பந்தமா வேற வழியில வந்த அப்பீல்ல ஃபெடரல் சர்க்யூட், சயின்ஸ்லயோ இன்ஜினியரிங்லயோ ரெண்டு வருஷப் படிப்பு படிச்ச ஒருத்தருக்கு தண்ணி பலூன் எப்போ கிட்டத்தட்ட நிரம்புச்சுன்னு தெரியாதுங்கறதை நம்பறதே கஷ்டம்னு எழுதுச்சு. 2018ல போர்டோட முடிவும் நிக்கல. நாலாங்கிளாஸ் பசங்களைக் கேட்டிருந்தாலே போதும், கேட்டிருந்தா இவ்வளவு செலவு ஆகியிருக்காது. ஆனா இதை வச்சுக்கிட்டு “பாத்தீங்களா, சப்ஸ்டான்ஷியலி ஓகேதான்”னு பதில்ல எழுதாதீங்க, அந்த ஸ்பெக்ல பலூன் கழண்டு விழறதுக்கு எடை என்ன பண்ணுது, குலுக்கறது என்ன பண்ணுதுன்னு விவரம் இருந்துச்சு, வார்த்தை அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னுச்சு.

‘அபௌட்’டுக்கும் இதே கதைதான். 1983ல கோர் எதிர் கார்லாக், பி.டி.எஃப்.இ (டெஃப்லான்) ஷீட்டை நொடிக்கு சுமார் 10 சதவீதத்துக்கு மேல வேகமா இழுக்கணும்னு கிளெய்ம், கோர்ட் ஒரு ஸ்டாப்வாட்ச் போதுமே அளக்கறதுக்குன்னு சொல்லி விட்டுடுச்சு. 1991ல ஆம்ஜென் எதிர் சுகாய், ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டற ஈ.பி.ஓ புரதத்தோட வீரியம் ‘குறைஞ்சது சுமார் 1,60,000’ யூனிட், அது செல்லாதுன்னாங்க. ஏன்னா அந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழயே ஏற்கெனவே தெரிஞ்ச சரக்கு இருந்துச்சு, இந்த ‘சுமார்’ அதுக்கும் இதுக்கும் நடுவுல எங்க போய் நிக்கும்னு ஸ்பெக்லயும் இல்ல, ஃபைல்லயும் இல்ல, சாட்சி சொன்னவங்களுக்கும் தெரியல. ‘குறைஞ்சது’ன்னு சொல்லிட்டு உடனே ‘சுமார்’னும் சொல்றது எனக்கு என்னமோ வீட்டு புரோக்கர் “ஃபைனல் ரேட்டு, கொஞ்சம் முன்ன பின்ன”ங்கற மாதிரிதான் தெரியுது.

இதைப் படிச்சுட்டு சில பேர் “சரி, அப்போ எல்லா இடத்துலயும் நம்பர் போட்டுடறேன்”னு கிளம்புவீங்க. நில்லுங்க. டேவா எதிர் சாண்டோஸ் தெரியும்ல, கோபாக்ஸோன் மருந்து. கிளெய்ம்ல அழகா நம்பர், மூலக்கூறு எடை 5 முதல் 9 கிலோடால்டன். ஆனா பாலிமர்ல மூலக்கூறு எடையை மூணு விதமாக் கணக்குப் போடலாம், உச்சத்துல இருக்கறது, எண்ணிக்கைச் சராசரி, எடைச் சராசரி, மூணுக்கும் மூணு விடை. எதுன்னு சொல்லல. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து 2015ல அந்த கிளெய்ம் விழுந்துடுச்சு. என்னோட கிரைண்டர்லயே நான் சும்மா 0.5 மிமீன்னு எழுதியிருந்தாலும் மாவு போட்டு ஓடறப்பவா, காலி ட்ரம்லயா, ஸ்பிரிங் இறுக்கினப்புறமா முன்னாடியான்னு கேள்வி வந்திருக்கும்.

அளவு வார்த்தையை மொத்தமா வெட்டறதும் ஆபத்து. இங்கிலாந்துல காட்னிக் கேஸ், கதவு ஜன்னலுக்கு மேல போடற இரும்பு லிண்டல். பின்பக்கத் தகடு ‘செங்குத்தா’ போகணும்னு கிளெய்ம், முன்னாடி எந்த அடைமொழியும் இல்ல. எதிராளி 6 டிகிரி, 8 டிகிரி சாய்ச்சு வச்சு “எங்களோடது செங்குத்து இல்ல”ன்னுட்டான். ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போய் 1980 கடைசியிலதான், கட்டட வேலை தெரிஞ்சவனுக்கு அதுவும் செங்குத்துதான்னு லார்டு டிப்லாக் சொல்லி ஜெயிச்சாங்க. எல்லாருக்கும் அந்த யோகம் அடிக்காது. 2004ல அமெரிக்காவுல ஷெஃப் அமெரிக்கா கேஸ்ல மாவை 400லருந்து 850 ஃபாரன்ஹீட் ‘வரைக்கும்’ சூடாக்கணும்னு எழுதிட்டாங்க. அடுப்பு அந்தச் சூட்டுல இருக்கணும்ங்கறதுதான் அவங்க மனசுல, எழுத்துப்படி பாத்தா மாவே அந்தச் சூட்டுக்குப் போகணும், போனா கரிக்கட்டை. எழுதினது எழுதினதுதான்னுட்டாங்க.

ஒரு சின்ன ஓரக்கதை. “சட்டத்துக்கு மட்டும் மழுங்கின வார்த்தை ஓகேவா”ன்னு ஒரு கடுப்பு உங்களுக்கு வரலாம். பிரிவு 3(டி)யிலயே, தெரிஞ்ச பொருளோட புது வடிவத்துக்கு பேட்டன்ட் வேணும்னா தெரிஞ்ச வீரியம் ‘கூடியிருக்கணும்’, குணங்கள் ‘கணிசமா வேறுபடணும்’னுதானே இருக்கு. மருந்து கம்பெனி நோவார்ட்டிஸ் இதைத்தான் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல கேட்டுச்சு, மழுங்கலா இருக்கு, எவ்வளவு கூடணும்னு சொல்லல, தன்னிச்சையானதுன்னு. 2007 ஆகஸ்ட்ல ஜஸ்டிஸ் பாலசுப்ரமணியனும் ஜஸ்டிஸ் பிரபா ஸ்ரீதேவனும் அதைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. 2013ல சுப்ரீம் கோர்ட், மருந்துன்னா வீரியம்ங்கறது நோயைக் குணப்படுத்தற வீரியம்னு சொல்லி அவங்க புற்றுநோய் மருந்தான கிளிவெக் கேஸை முடிச்சுது. சட்டம் எல்லாத்துக்கும் பொதுவா எழுதறது, அதுக்கு அப்படி ஒரு சலுகை உண்டு. நாம ஒரே ஒரு கிரைண்டருக்கு எழுதறோம், அந்த கிரைண்டர் நம்ம கண்ணு முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கு.

“அகலமா எழுதினாத்தானே கிளையன்ட்டுக்கு லாபம்”ங்கறது அடுத்தது. கிரயப் பத்திரத்துல செக்குபந்தி எழுதறோம் இல்லையா, வடக்கே இன்னார் காடு, கிழக்கே வண்டிப்பாதைன்னு, அதுல ‘கிழக்கே கொஞ்ச தூரம் வரைக்கும்’னு எழுதினா இடம் பெருசாகுமா? பக்கத்து நிலத்துக்காரன் கோர்ட்டுக்குப் போவான். நம்ம கிளையன்ட் ஒருத்தன் மேல கேஸ் போட்ட அன்னைக்கே எதிர்த்தரப்பு கவுன்டர் கிளெய்ம்ல (எதிர்வழக்குல) பிரிவு 64ஐத் தூக்கிக்கிட்டு வரும், அப்போ அந்த அகலமே நம்ம கழுத்துக்குக் கயிறு. இன்னொண்ணும் யோசிங்க, அந்தப் பக்கம் இருக்கறதும் அதே மாதிரி ஒரு பட்டறைக்காரர்தான். அவர் நம்ம கிளெய்மைப் படிச்சுப் பாத்து “சரி, நான் 1 மிமீ விட்டுக்கறேன், வம்பு வேண்டாம்”னு முடிவெடுக்க வழி இருக்கணுமா இல்லையா? ‘சப்ஸ்டான்ஷியலி க்ளோஸ்’னு நான் எழுதினதை வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார், என்னை வந்து கேப்பாரா?

அதனால நான் உங்ககிட்ட கேக்கறது வார்த்தையை விடச் சொல்லி இல்ல. இன்வென்ட்டரைப் பாக்கப் போறப்போ இன்வென்ஷன் டிஸ்க்ளோஷர் ஃபார்மை மெயில்ல அனுப்பிட்டு உக்காராதீங்க, நேர்ல போங்க, அவர் எதை வச்சு ‘சரியா இருக்கு’ன்னு முடிவு பண்றார்னு பாருங்க. அவங்க யாரும் “சப்ஸ்டான்ஷியலி”ன்னு சொல்றதே இல்ல, கவனிச்சிருக்கீங்களா? தகடு போகோணும்பாங்க, நகம் பதியக்கூடாதும்பாங்க, தட்டினா சத்தம் மாறும்பாங்க. அதை அப்படியே ஸ்பெக்ல இறக்குங்க. என்ன கருவி, எந்த நிலைமையில, எத்தனை தடவை, கம்மியானா என்ன கெடும், அதிகமானா என்ன கெடும். ரெண்டு பக்கமும் கெடறது எழுதியாச்சுன்னா நடுவுல இருக்கறதுக்கு எல்லை தானா வந்துடும், நாட்டிலஸ்ல பயோசிக்கைக் காப்பாத்தினது அதுதான். அப்புறம் மெயின் கிளெய்ம்ல ‘சப்ஸ்டான்ஷியலி’யை வச்சுக்கோங்க, கீழ அதைச் சார்ந்து நிக்கற ஒரு டிபென்டென்ட் கிளெய்ம்ல நம்பர், அதுக்கும் கீழ இன்னும் இறுக்கமான நம்பர், விழறப்போ பிடிச்சுக்க கிளை இருக்கணும். முதல்ல புரொவிஷனல் (தற்காலிக ஸ்பெக்) போட்டிருந்தா கம்ப்ளீட் ஸ்பெக்குக்கு 12 மாசம் டைம் இருக்கு, அந்த 12 மாசத்துல ஒரு நாள் பட்டறைக்குப் போறதுக்கு என்ன கேடு?

எக்ஸாமினர் நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா உங்களுக்கும் ஒரு வரி. ‘அபௌட்’ தெளிவா இல்லன்னு மட்டும் போடறதுக்குப் பதிலா, ஸ்பெக்ல எதைத் தேடினோம் எது கிடைக்கலன்னு அரை வரி சேத்துப் போட்டா எங்களுக்கும் பதில் எழுத வரும், ‘அது இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது’ன்னு நாங்க எழுதற அந்தப் பொய்யும் கொஞ்சம் குறையும்.

இப்போ என் டேபிள் மேல ஒரு டிராஃப்ட் இருக்கு. ஜூனியர் ஒருத்தர் எழுதினது, ஃபில்டர் காபி மெஷின், ‘நுரை கணிசமான நேரம் நிலைத்து நிற்கும்’னு ஒரு கிளெய்ம். நான் சிவப்புப் பேனாவால அடிக்கல. இன்வென்ட்டர் அம்மா கும்பகோணத்துல இருக்காங்க, சாயந்தரம் அஞ்சு மணிக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்காங்க. எந்த டம்ளர், எந்தப் பால், எத்தனை அடி உயரத்துலருந்து ஆத்தினாங்க, நுரை அமுங்கிடுச்சுன்னு எதைப் பாத்துச் சொல்றாங்கன்னு கேக்கணும். மணி நாலு அம்பத்தஞ்சு ஆயிடுச்சு, அப்புறம் பேசுவோம்.

இப்படிக்கு,
ஒரு கிரைண்டர் பேட்டன்ட்டைக் கெடுத்த ஏஜென்ட்